குழுவை எங்கே அழைத்துப் போவது?

நிதியாண்டு முடியும் தறுவாயில் சென்னை ஓஎம்ஆர் அலுவலகங்களில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். குழுச் சுற்றுலாவுக்கென ஒதுக்கி, மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டிய பணம் கையில் இருக்கும். பக்கத்துக் கட்டடத்தார் போன வருடம் எங்கே போனார்கள், மேலதிகாரி இன்ஸ்டாகிராமில் எந்த இடத்தைப் பார்த்து மயங்கினார் என்பதை வைத்து ஊர் முடிவாகும்; ஹெச்ஆர் அதை மின்னஞ்சலில் அறிவிக்கும். இந்தக் குழுவுக்குள் என்ன குறை, எதைச் சரிசெய்யப் போகிறோம் என்ற கேள்வி மட்டும் எழாது. டெஸ்டிங் ஆட்கள் ஒரு பஸ்ஸிலும் டெவலப்பர்கள் இன்னொரு பஸ்ஸிலுமாகப் போய், அப்படியே திரும்பி வருவார்கள்.

வழக்கமான தேர்வுகளில் பெரிய சிக்கல் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகமென்றால் ஈசிஆர் ரிசார்ட்டில் ஒரு பகல் போதும். பெயரும் முகமும் பழகிவிடும். வீடியோ அழைப்பில் மட்டுமே பார்த்துக்கொண்ட சென்னை, பெங்களூரு ஆட்கள் சந்திக்க ஏலகிரி தோதான இடம். ஜோலார்பேட்டை வரை ரயில், பிறகு 14 கொண்டை ஊசி வளைவுகள், அவ்வளவுதான். கடற்கரையைச் சுத்தம் செய்வது போன்ற சேவைப் பணி, ஏற்கெனவே ஒற்றுமையாக இருக்கும் குழுவுக்குப் பொருந்தும்.

எச்சரிக்கை தேவைப்படுவது சாகச முகாமுக்குத்தான். மலையேற்றம், கயிற்றுப் பாலம், ஜிப்லைன், சில நாடுகளில் தீமிதிகூட. பயத்தைச் சேர்ந்து கடந்தவர்கள் பிரியமாட்டார்கள் என்பது இதை விற்பவர்களின் வாதம். இதன் வேர்களில் ஒன்று, 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் அதிபர் லாரன்ஸ் ஹோல்ட்டும் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி. போர்க்காலத்தில் இளம் மாலுமிகள் நடுக்கடலில் உயிர் பிழைக்க ஏறக்குறைய ஒரு மாதம் தந்த பயிற்சி அது. அதை மதிய உணவுக்கு முன்பே முடித்துத் தருகிறோம் என்று ஒருவர் சொன்னால் நம்பக் கூடாது.

நம் அம்மன் கோயில்களில் காப்புக் கட்டி, விரதமிருந்துதான் பூக்குழி இறங்குவார்கள். ஆனால் 2022 ஜூனில் சூரிச் ஏரிக்கரையில் ஒரு விளம்பர நிறுவனம், குழு உணர்வுக்காக ஊழியர்களைத் தணலில் நடக்கவிட்டது. 25 பேருக்குத் தீக்காயம். 13 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்ததைக் கேட்டால் மனம் பதறும். அலுவலக முகாமுக்கு வந்த 15 பேர் கொண்ட குழு, 14,000 அடிக்கும் உயரமான ஷவானோ மலையில் ஏறியது. ஒருவர் மட்டும் பின்தங்கித் தனியாக உச்சியை அடைந்தார். இறங்கும் வழிக்கு அடையாளமாக வைத்திருந்த பொருட்களை, முன்னே இறங்கிய சக ஊழியர்களே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் வழி தவறி, புயல் மழையில் இரவெல்லாம் மலையிலேயே கிடந்தார். மறுநாள்தான் மீட்புக் குழு அவரைக் கண்டுபிடித்தது. ஒற்றுமையை வளர்க்கப் போன இடத்தில் நடந்தது இது.

மலை ஏறியே ஆக வேண்டுமென்றால், 2018-இல் தேனி குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைவில் வைத்து, வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போக வேண்டும்.

விபத்தே நடக்காவிட்டாலும் சேதம் உண்டு. கயிற்றுப் பாலத்தின் முன் ஒருவர் இடுப்பில் ஹார்னஸ் மாட்டி நிற்பார். கீழேயிருந்து மேலாளர் கைதட்டி உற்சாகப்படுத்துவார். முட்டிவலி என்று சொல்ல வாய் வராமல் அவர் ஏறிவிடுவார். 'இது என்னால் முடியாது' என்பதை அங்கே சொல்ல முடியாதவர், அலுவலகத்தில் 'இந்தத் தேதிக்குள் முடியாது' என்றும் சொல்லமாட்டார். 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாவதைக் கண்டார். அங்கே தவறை மறைக்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

ஆகவே சாகசத்துக்கு ஒதுக்கும் பணத்தை வேலை முகாமில் போடுவதே மேல். ஏலகிரியோ ஏற்காடோ, காலையில் ஓர் அறை, ஒரு வெள்ளைப் பலகை, ஒரே ஒரு சண்டை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு பில்ட் குடுத்துட்டு, திங்கட்கிழமை காலையில ரிப்போர்ட் கேட்டா எப்படிங்க?" என்று டெஸ்டிங் பெண் ஒருவர் எழுந்து கேட்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்குப் பதில் சொல்ல டெவலப்பர்கள் அதே அறையில் இருக்க வேண்டும். மேலாளர் குறுக்கே பேசக் கூடாது. மதியத்துக்குமேல் கலந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்து, சேர்ந்து சமைக்கட்டும். பாடத் தெரிந்தவர் பாடட்டும், ஒதுங்கி நடக்க விரும்புபவர் நடக்கட்டும். எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க நினைக்கும் நிறுவனம், கூச்ச சுபாவமுள்ளவரின் கூர்மையை இழந்துவிடும். அவரவர் இயல்பு தெரிய நாளாகும். அதுவரை பொறுக்கும் மனம் தலைமைக்கு வேண்டும்.

இந்த முகாமைச் சனி, ஞாயிறில் வைக்கக் கூடாது. கைக்குழந்தை உள்ளவர்கள் ஒரு பகல் மட்டும் வந்து போகவும் வழி வேண்டும். அறையில் எடுத்த முடிவுகளில் இரண்டை மட்டும் பொறுப்பாளர் பெயரோடு எழுதி, திரும்பிய வாரமே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை பில்ட் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை அடுத்த மூன்று மாதமும் கவனித்தால், முகாமுக்குப் போட்ட பணம் என்ன ஆயிற்று என்பது தெரிந்துவிடும்.