கைக்குழந்தைக்கு என்ன தெரியும்?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அங்கன்வாடி டீச்சர் வாசலில் வந்து நின்றால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "என்ன, கணக்கெடுக்க வந்தீங்களா?" என்பதுதான். தடுப்பூசி அட்டையைத் தேடி எடுக்கிறோம், ஆதார் எண்ணைச் சொல்கிறோம், சத்துமாவுக்குக் கையெழுத்துப் போடுகிறோம். பாயில் உட்கார்ந்து குழந்தையோடு விளையாடிக் காட்டத்தான் அவர் வந்திருக்கிறார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் இன்றைய முகம் அவை. எடை, ஊசி, சோறு என்ற மூன்றும் மக்கள் மனத்தில் நன்றாகவே பதிந்துவிட்டன. குழந்தையோடு பேசுவதும் விளையாடுவதும் இந்த மூன்றுக்குக் குறையாத தேவை என்பது பதியவில்லை. அதற்குக் குறுக்கே நிற்கும் சில நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

"பேச்சு வராத பிள்ளைகிட்ட என்னத்தைப் பேசுறது?"

வயிற்றில் இருக்கும்போதே, ஆறாம் மாதம் முடிவதற்குள், குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாட்களிலேயே மற்றக் குரல்களிலிருந்து தாயின் குரலைப் பிரித்து அறிகிறது. இதைவிட வியப்பான ஒரு சோதனையை 1984இல் கனடாவின் ஜானட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்டார்கள். இந்தியில் 'த', 'ட' என்று நாக்கின் இடம் மாறுவதால் வேறுபடும் ஒலிகளை ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்து உணர்ந்தார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர்கள் வீட்டில் அந்த வேறுபாடு தேவைப்படவில்லை, எனவே காது அதை விட்டுவிட்டது. நம் வீட்டுக் குழந்தைக்கு அதே வேறுபாடு நிலைக்கிறது என்றால், சுற்றி இருப்பவர்கள் அதன் காதில் விழும்படி பேசுகிறார்கள் என்பதே காரணம். முதல் சொல் வாயில் வருவதற்கு வெகு முன்பே மொழி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. குளிப்பாட்டும்போது "இப்ப கைக்குத் தண்ணி, இப்ப காலுக்குத் தண்ணி" என்று சொல்லும் தாய் நேரத்தை வீணாக்கவில்லை. அவர் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

"வயிறு நிறைஞ்சா போதும், அறிவு தானா வளரும்"

இந்த நம்பிக்கை கருணையிலிருந்து வருவது. அதனால்தான் இதை மாற்றுவது கடினம். பசியை அறிந்த சமூகம் குழந்தைக்கு முதலில் சோற்றைத்தான் நினைக்கும். சோறு முதலில் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அத்தோடு போதும் என்பதில்தான் மறுப்பு.

1980களின் நடுவில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம்-மெக்ரெகரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஏழைக் குடியிருப்புகளில், ஊட்டம் போதாமல் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள். வயது ஒன்பது மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை. அவர்களைக் குலுக்கல் முறையில் நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு குழுவின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு சுகாதாரப் பணிப்பெண் சென்று, ஒரு மணி நேரம் தாயையும் பிள்ளையையும் வைத்து விளையாட்டு. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு வழக்கமான மருத்துவ கவனிப்பு மட்டும். இப்படி இரண்டு ஆண்டுகள்.

முடிவில் பாலும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது. இரண்டும் பெற்ற குழந்தைகளே முன்னால் நின்றார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் குழந்தைகளை விடாமல் தேடிப்பிடித்துப் பள்ளிப் பருவத்திலும் இளமையிலும் மீண்டும் மீண்டும் பார்த்தார்கள். பால்மாவால் கிடைத்த முன்னேற்றம் பிற்காலத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. விளையாட்டால் கிடைத்தது தங்கிவிட்டது. இருபதைத் தாண்டிய வயதில், வீட்டுக்கு ஆள் போய் விளையாடிய குழுவினரின் வருமானம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. சிறுவயதில் ஊட்டக்குறைவே இல்லாமல் வளர்ந்தவர்களை அவர்கள் எட்டிப்பிடித்திருந்தார்கள். 2014இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. சிறிய ஆய்வுதான், ஒரே நகரம்தான். ஆனாலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருபது ஆண்டுக்குப் பிறகும் சம்பளத்தில் தெரிகிறது என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"பொம்மை வாங்கக் காசு வேணும், நமக்கு எங்க முடியும்?"

ஜமைக்காவில் கொண்டுபோனவை கடைப் பொம்மைகள் அல்ல. வீட்டில் வீணாகும் பொருட்களில் செய்தவை. ஒரு வாரம் வீட்டில் விட்டுவைத்து, அடுத்த வாரம் மாற்றிக்கொடுப்பார்கள்.

மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பதினொரு மாதப் பெண்குழந்தை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்க, அப்பத்தாதான் பார்த்துக்கொள்கிறார். டீச்சரின் துணிப்பையிலிருந்து வெளியே வந்தவை: பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று மூன்று எவர்சில்வர் டம்ளர், பழைய வேட்டித் துண்டு ஒன்று, பிள்ளையால் திறக்க முடியாதபடி மூடியை இறுக ஒட்டிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் ஒரு பிடி புளியங்கொட்டை. பாட்டிலைக் குலுக்கியதும் குழந்தை திரும்பியது. சின்ன டம்ளரைத் துணிக்கடியில் ஒளித்தார். குழந்தை துணியைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, பிறகு துணியை இழுத்துவிட்டது. "அடி கள்ளி, கண்டுபிடிச்சுட்டாளே!" என்று அப்பத்தா கைதட்டினார். உடனே டீச்சர் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். "இப்ப நீங்க ஒளிச்சு வைங்க, அப்பத்தா."

அந்தத் தள்ளி உட்காருவதில்தான் இந்த வேலையின் நுட்பமெல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகு டீச்சர் குழந்தையைத் தொடவே இல்லை. குழந்தை 'ங்கா' என்றால் அப்பத்தா திருப்பிச் சொல்கிறாரா, டம்ளரை நீட்டும்போது பெயர் சொல்கிறாரா, பிள்ளை தானாகச் செய்யட்டும் என்று காத்திருக்கிறாரா என்று அவரைத்தான் கவனித்தார். நன்றாகச் செய்தபோது வாய்விட்டுப் பாராட்டினார். குழந்தையின் ஒரு வாரத்தில் டீச்சருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான், மிச்சமெல்லாம் அப்பத்தாவிடம். கண்ணில் படாத பொருளும் எங்கோ இருக்கிறது என்பதைக் குழந்தைகள் தெளிவாக உணரத் தொடங்குவது ஏறத்தாழ எட்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள். அந்தப் பெரிய பாடத்துக்குத் தேவைப்பட்டது ஒரு டம்ளரும் கிழிந்த வேட்டியும்.

"இதெல்லாம் எங்க காலத்துல நாங்களே வெளையாண்டதுதானத்தா" என்றார் அப்பத்தா. அவர் சொன்னது சரி. உள்ளங்கையில் பருப்பு கடைவதும், விரல் விரலாகப் பிரித்துச் சோறு ஊட்டுவதும், கைமேல் நண்டு ஏறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவதும், முகத்தை மூடித் திறப்பதும் இன்றைய பயிற்சிக் கையேடுகள் சொல்லும் அதே விளையாட்டுகள். வெளியூர் ஞானம் என்று இதைத் தள்ளிவைக்கக் காரணமே இல்லை. நம் கையில் இருந்தது நழுவிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துக் கொடுக்க ஒருவர் வீடு தேடி வருகிறார்.

"ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்"

மருத்துவரிடம் போக வேண்டிய ஓராண்டை விழுங்கிவிடும் நம்பிக்கை இது. "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்" என்ற துணைச்சான்றும் கூடவே வரும். பெண்குழந்தைகள் சராசரியில் சற்று முந்திப் பேசுவது உண்மை, ஆனால் அது ஒன்றிரண்டு மாத வித்தியாசம். ஆணோ பெண்ணோ, ஒரு வயதில் மழலை ஒலியே இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. முதலில் காது பரிசோதனை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளோடு தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் அங்கே அனுப்பிவைப்பார்கள். கட்டணம் கிடையாது.

வசம்பை உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பது இதோடு ஒட்டிப் பிறந்தது. வராது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்தும்கூட. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குழந்தையின் குடலில் பெருகி நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். ஃபோனில் பாட்டுப் போட்டுக்கொடுத்தால் பேச்சு வரும் என்பதும் இந்த வகைதான். ஃபோன் பேசும், ஆனால் குழந்தை சொல்வதற்குப் பதில் சொல்லாது. குழந்தைக்கு வேண்டியது அந்தப் பதில். இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், அதற்கு மேல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

"பால்வாடியில எழுதவே வைக்கிறதில்ல"

மூன்று வயதில் பக்கம் பக்கமாக 'ஏ' எழுதும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் பூரித்துப்போகிறார்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் மூன்று நான்குதான் தெரியும், மற்றவை இன்னும் குருத்தெலும்பு. விரல் நுனிகளால் பென்சிலைப் பிடித்து அசைக்கும் பக்குவம் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் வருவது. அதற்குமுன் களிமண் உருட்டுவதும், மணி கோப்பதும், மணலில் கிறுக்குவதும்தான் எழுத்துப் பயிற்சி. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர் வைத்தது தெரிந்தே வைத்ததுதான்.

"அவங்க என்ன டாக்டரா, நமக்குச் சொல்ல?"

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் தம்பதி 39 கிராமங்களில் கொஞ்சம் படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தை கவனிப்பைக் கற்றுக்கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக் கிராமங்களோடு வைத்துப் பார்த்தபோது, பிறந்த முதல் மாதச் சாவுகள் 62 விழுக்காடு குறைந்திருந்தன. 1999இல் 'லான்செட்' இதழில் அது வந்தது. 2011இல் அந்த முறை நாடு முழுமைக்குமான அரசுத் திட்டமாயிற்று. நம் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் பிறகு வரும் சுகாதாரப் பணியாளரின் வருகைக்குப் பின்னால் அந்த உள்ளூர்ப் பெண்களின் சாதனை இருக்கிறது.

"ஆள் அனுப்பினாலே போதும்"

இது வீட்டாரின் நம்பிக்கை இல்லை. திட்டம் போடுகிறவர்களின் நம்பிக்கை, அதனால் இன்னும் பெரிய கேடு. கொலம்பியாவில் ஜமைக்கா முறையை 96 நகராட்சிப் பகுதிகளில் உள்ளூர்த் தாய்மார்களைக் கொண்டு செய்தார்கள். பதினெட்டு மாத முடிவில் குழந்தைகளின் அறிவுத்திறன் கூடியிருந்தது. திட்டம் நின்று இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. இங்கிலாந்தில் பதின்வயதுத் தாய்மார்களின் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பிய திட்டம், 2015இல் வெளியான பெரிய ஆய்வில், முதன்மையாகப் பார்த்த நான்கு விஷயங்களிலும் பலன் காட்டவில்லை. வீட்டுக்குப் போவது என்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. யார் போகிறார், அங்கே என்ன செய்கிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார், பிறகு குழந்தை எங்கே போகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் பலன்.

நம்மூரில் முதலில் இல்லாதது நேரம். ஒரே டீச்சர் எடை போட வேண்டும், செயலியில் ஏற்ற வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும், ஊசி நாளில் ஆள் சேர்க்க வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். ஆயா சமையலில் இருப்பார். இவ்வளவுக்கும் பிறகு வீடு தேடிப் போய் விளையாடவில்லை என்று அவரைக் குறை சொல்வது அநியாயம்.

இதற்குத் தீர்வு என்ன என்பதைத் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இங்கே 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வில், குலுக்கலில் தேர்ந்த மையங்களுக்கு அரை நாள் வேலைக்கு ஒரே ஒரு கூடுதல் பணியாளர் கொடுக்கப்பட்டார். முன்பருவக் கல்விதான் அவர் பொறுப்பு. பதினெட்டு மாதத்தில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். அத்தோடு, பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. அரை நாள் ஆள் ஒருவர், பலன் படிப்பிலும் உடம்பிலும்.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் சாலைக்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்: எங்கள் அங்கன்வாடியில் எத்தனை பணியிடம் காலி, எப்போது நிரப்புவீர்கள், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்குப் போக டீச்சருக்கு வாரத்தில் எந்த நாளை ஒதுக்கியிருக்கிறீர்கள்?