நாய் வந்தால் பேச்சு வருமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஆறு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டுக்கும் விடாமல் கூட்டிப்போகிறோம். இன்னும் ஓரிரு வார்த்தைதான் பேசுகிறான். யார் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை, கீழ்வீட்டு நாயைக் கண்டால் மட்டும் தானாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். நாய் வளர்த்தால் பேச்சு வந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: குட்டி வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். ஆனால் கீழ்வீட்டு நாயிடம் உங்கள் மகன் போய் உட்காருவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாயைத் துணைக்கு வைத்துச் செய்யும் சிகிச்சை முறையே அப்படியொரு காட்சியில்தான் தொடங்கியது.

போரிஸ் லெவின்சன் நியூயார்க்கில் குழந்தைகளுக்கான உளவியல் நிபுணர். 1950களில் ஒருநாள், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனை அவன் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார்கள். குழந்தைகள் வரும்போது வெளியே போய்விடும் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ், அன்று அறையிலேயே இருந்தது. பையனைக் கண்டதும் ஓடிப்போய் நக்கியது. மிரண்டு அழுவான் என்று பார்த்தால், அவன் நாயை அணைத்துக்கொண்டான். அடுத்தடுத்து வந்த நாள்களில் ஜிங்கிள்ஸோடு விளையாடினான். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விளையாட்டில் லெவின்சனையும் சேர்த்துக்கொண்டான். இதை அவர் சக நிபுணர்களிடம் சொன்னபோது, வாங்கும் கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவர் பின்வாங்கவில்லை. 1962இல் நாயைச் சிகிச்சையில் துணை வைத்தியர் என்றே குறிப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிகிச்சை தந்தவர் லெவின்சன்தான். அந்தச் சிறுவன் பக்கத்தில் அவர் போய் உட்கார இடம் பிடித்துக் கொடுத்தது நாய்.

அது ஏன் நாயால் முடிகிறது? நாம் பேசும்போது வாய் ஒன்றைச் சொல்லும், முகம் ஒன்றைச் சொல்லும், குரல் வேறொன்றைச் சொல்லும். இத்தனையையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் புரிந்துகொள்வது ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் பெரும் பாரம். நாயிடம் அந்தச் சிக்கல் குறைவு. கண்ணைப் பார்த்துப் பேசு என்று அது வற்புறுத்தாது. பதில் வரவில்லையென்றால் முகம் சுளிக்காது. அதைவிட முக்கியமான இன்னொன்று: பழக்கப்பட்ட நாயிடம் 'வா' என்றால் வருகிறது, 'உட்கார்' என்றால் உட்காருகிறது. தான் சொன்ன ஒரு வார்த்தையால் எதிரே ஒன்று நடக்கிறது என்பதை, பேசத் தயங்கும் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. நல்ல தெரபிஸ்ட் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்வார். நாய்க்கு முடி வாரச் சொல்லி விரல்களுக்கு வேலை தருவார். பந்தை மாறி மாறி எறியவைத்துக் காத்திருக்கப் பழக்குவார். 'தா', 'போ', 'இன்னும்' என்று வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கூட்டுவார்.

2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆட்டிசம் வகைக் குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒரு பந்து, ஒரு பொம்மை நாய், ஓர் உயிருள்ள நாய் என மூன்றையும் தனித்தனி நேரங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். உயிருள்ள நாய் இருந்தபோதுதான் அவர்கள் அதிகம் விளையாடினார்கள். சுற்றி நடப்பதையும் கூடுதலாகக் கவனித்தார்கள். ஆனால் பத்தே பேர். இத்துறையில் பெரும்பாலான ஆய்வுகள் இப்படிச் சிறியவைதான். 2013இல் 14 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பரிசீலித்தபோதும், நம்பிக்கை தரும் அறிகுறிகள் தெரிகின்றன, உறுதியான சான்று போதாது என்றே முடிவு வந்தது. ஆகவே 'பேச்சு வந்துவிடும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இப்போது நடக்கும் தெரபிகளில் ஒரு நாளைக்கூட இதற்காக விட்டுவிடாதீர்கள்.

குட்டி ஏன் வேண்டாம் என்றால், லாப்ரடார் குட்டி முதல் ஓராண்டு கண்டதையெல்லாம் கடிக்கும், மேலே தாவும், ராத்திரியில் அழும். உங்கள் மகன் விரும்புவது கீழ்வீட்டில் அமைதியாகப் படுத்திருக்கும் வளர்ந்த நாயை. அந்த வீட்டாரிடம் பேசிப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம், நீங்களும் உடன் உட்கார்ந்தால் நல்ல ஆரம்பம். உங்கள் தெரபிஸ்டிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாடுகளில் ஆட்டிசம் குழந்தையை நாயோடு சேர்த்துக் கட்டி அழைத்துப் போகும் படத்தைப் பார்த்தேன். இதுவும் தெரபியா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: அது வேறு. தெரபி நாய் தன் உரிமையாளரோடு வந்து, குழந்தையோடு சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பிவிடும். நீங்கள் பார்த்தது சர்வீஸ் நாய். ஒரு குழந்தைக்கென்றே பழக்கப்பட்டு, அந்த வீட்டிலேயே வாழ்வது. கனடாவின் நேஷனல் சர்வீஸ் டாக்ஸ் அமைப்பு 1990களின் பிற்பகுதியில் இதில் முன்னோடியானது. குழந்தையின் இடுப்புக் கச்சை ஒரு கயிற்றால் நாயின் அங்கியோடு இணைந்திருக்கும். கட்டளை தருவது பெற்றோர். திடீரென்று சாலைக்கு ஓடும் பழக்கமுள்ள பிள்ளை ஓடப் பார்த்தால், நாய் அப்படியே நின்றுவிடும்.

சர்வீஸ் நாய் பெற்ற கனடாக் குடும்பங்களிடம் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோரின் வாழ்க்கையையும் பேசியது. நாய் பிள்ளையின் பக்கத்தில் படுத்ததால் வருடக்கணக்கில் தூங்காத தாய்மார்கள் தூங்கினார்கள். கடைத்தெருவில் பிள்ளை அலறினால் முறைத்துப் பார்த்தவர்கள், இப்போது நின்று நாயைப் பற்றி விசாரித்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ கூசி நின்றிருக்கும் எந்தத் தாய்க்கும் இதன் அருமை புரியும்.

2010இல் கனடா ஆய்வாளர்கள், சர்வீஸ் நாய் பெற்ற ஆட்டிசம் குழந்தைகள் 42 பேரின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளந்தார்கள். தூங்கி எழுந்ததும் அது சற்று ஏறுவது இயல்பு. நாய் வருவதற்கு முன் அந்த ஏற்றம் 58 சதவீதம். நாய் வீட்டில் இருந்தபோது 10 சதவீதம். சிறிது காலம் நாயைப் பிரித்தபோது மீண்டும் 48 சதவீதம். அதேசமயம், நாள் முழுவதுக்குமான சராசரி அளவு மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மகள் நாய் குரைத்தாலே காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். பழக்கினால் சரியாகுமா?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: கட்டாயப்படுத்தாதீர்கள். ஆட்டிசத்தோடு வாழும் அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: ஆட்டிசம் உள்ளவர்களில் விலங்குகளோடு சட்டென்று ஒன்றிவிடுபவர்கள் உண்டு, பழகப் பழக நெருங்குபவர்கள் உண்டு, ஒலியும் வாடையும் தாங்காமல் ஒதுங்குபவர்களும் உண்டு. உங்கள் மகள் மூன்றாம் வகையாக இருந்தால் அவளிடம் குறை ஒன்றுமில்லை. நாய்தான் வேண்டும் என்பதுமில்லை. ஆஸ்திரேலியப் பள்ளிகளில் 99 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில் நாய்க்குப் பதில் கினிப் பன்றிகளைப் பயன்படுத்தினார்கள். பொம்மைகளோடு விளையாடியதைவிட அவை இருந்தபோது ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்றவர்களோடு அதிகம் பேசினார்கள், அதிகம் சிரித்தார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் இதற்கு வழி உண்டா? ஆபத்து ஏதும் இல்லையா?
– ஒரு சிறப்பாசிரியை, வேலூர்

பதில்: அனிமல்ஸ் ஏசியா அமைப்பின் நிறுவனர் ஜில் ராபின்சன் 1991இல் ஹாங்காங்கில் தொடங்கிய 'டாக்டர் டாக்' என்ற தெரபி நாய்த் திட்டத்தை, சென்னையில் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா நடத்தியிருக்கிறது. மும்பையில் அனிமல் ஏஞ்சல்ஸ் அமைப்பு இதே பணியைச் செய்கிறது. யாரை அழைத்தாலும் நாயின் தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவரின் சான்று இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாயோடு அதைப் பழக்கியவரும் கட்டாயம் வர வேண்டும்.

நாய்க்கும் களைப்பு உண்டு. கனடாவில் சர்வீஸ் நாய்களைக் கவனித்தவர்கள், ஓய்வு கிடைக்காததும் குழந்தைகள் தெரியாமல் இழுத்து அடிப்பதும் அவற்றை வாட்டுவதாகப் பதிவுசெய்தார்கள். நாய் அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பினாலோ, வாலை ஒடுக்கினாலோ அன்றைய வகுப்பை அத்தோடு முடித்துவிடுங்கள். எந்த நாயையும் எந்தப் பிள்ளையோடும் தனியாக விடாதீர்கள்.

ரேபிஸ் இருக்கும் நாடு இது. அதிகம் பேசாத பிள்ளை, நாய் கீறியதை வந்து சொல்லாமலே இருந்துவிடலாம். நாயோடு இருந்த ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டும்போது கை, கால், முகத்தைப் பாருங்கள். சின்னக் கீறல் தெரிந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.