ஒரே பெயரில் மூவர்



வகுப்பறையில் ஆசிரியை "மேரி!" என்று அழைத்தால் மூன்று நான்கு பேர் எழுந்து நிற்பதுண்டு. தலைப்பெழுத்தையும் சேர்த்துச் சொன்னதும் ஒருத்தி மட்டும் நிற்க, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே அமர்ந்துவிடுவோம். ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்தவர்களை எழுப்பி, "உங்களில் யார் அவர்?" என்று கேட்க இயலுமா? குடும்ப வரலாறு எழுதுவோரின் பெருஞ்சிக்கல் இதுவே. அதை அவிழ்க்கும் வழியை ஒரு புகழ்பெற்ற குடும்பத்தின் வாயிலாகக் கற்போம்.

ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியில் வாழ்ந்த பாக் குடும்பத்தினர் பல தலைமுறைகளாக இசையையே தொழிலாகக் கொண்டவர்கள். இசை மேதை யோகான் செபாஸ்டியன் பாக் 1685-இல் ஐசனாக் நகரில் இக்குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் அங்கே ஆண் குழந்தைகள் பலருக்கு 'யோகான்' என்பதே முதற்பெயர். இரண்டாம் பெயரே அழைக்கும் பெயர். அதுவும் பெரும்பாலும் ஞானத்தந்தையின் பெயராக இருக்கும். செபாஸ்டியன் என்ற பெயரும் அவருடைய ஞானத்தந்தையரில் ஒருவரான செபாஸ்டியன் நாகல் என்பவரிடமிருந்து வந்ததே. இதனால் ஒரே பெயர் ஒரே குடும்பத்தில் மீண்டும் மீண்டும் வந்தது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செபாஸ்டியனின் தாயார் 1694-இலும் தந்தையார் 1695-இன் தொடக்கத்திலும் இறந்தனர். பத்து வயது நிரம்பாத அந்த அநாதைச் சிறுவனை ஏற்று வளர்த்தவர் 'யோகான் கிறிஸ்டோஃப் பாக்'. யார் அவர்? அப்பெயரில் நெருங்கிய உறவினர் மூவர் இருந்தனர்.

முதலாமவர், தந்தையாருடன் இரட்டையராகப் பிறந்தவர். ஆர்ன்ஸ்டாட் ஊரின் இசைக்கலைஞர். 1645 முதல் 1693 வரை வாழ்ந்தவர். இரண்டாமவர், தந்தையாரின் ஒன்றுவிட்ட சகோதரர்; ஐசனாக் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர்; காலம் 1642 முதல் 1703 வரை. மூன்றாமவர், செபாஸ்டியனின் மூத்த அண்ணன். ஓர்ட்ருஃப் ஊரின் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். காலம் 1671 முதல் 1721 வரை.

முதலில் ஆண்டைப் பார்ப்போம். இரட்டையர் 1693-இலேயே இறந்துவிட்டார். எனவே அவர் அல்லர். அடுத்து தொழிலைப் பார்ப்போம். எஞ்சிய இருவரும் ஆர்கன் வாசிப்பவர்களே. தொழில் நமக்கு உதவவில்லை. பின்னர் இடத்தைப் பார்ப்போம். சிறுவன் 1695 முதல் 1700 வரை வாழ்ந்து பள்ளியில் பயின்ற ஊர் ஓர்ட்ருஃப். ஆகவே வளர்த்தவர் அண்ணனே! அவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்குதான். தம்பிக்குச் சோறிட்டு, இசையும் கற்பித்தார். நாம் ஆண்டையும் ஊரையும் பாராது எழுதியிருந்தால், இந்த அண்ணனின் அன்பை வேறொருவர் கணக்கில் வரவு வைத்திருப்போம். இறந்தவர் வந்து அதைத் திருத்த முடியாதல்லவா?

இக்குழப்பத்தைச் செபாஸ்டியனே உணர்ந்திருந்தார் போலும். 1735-இல் அவர் தம் குடும்பத்தார் ஐம்பத்து மூவரின் பட்டியலை எழுதி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார். தந்தையார் 11, நாம் மேலே கண்ட மூவரும் முறையே 12, 13, 22, தாம் 24. யார் யாருடைய மகன் என்பதையும் குறித்தார். பெயர் ஒன்றானாலும் எண் வேறு, பெற்றோர் வேறு, குழப்பம் தீர்ந்தது.

ஆயினும் அப்பட்டியலில் ஒரு குறை உண்டு. எண் பெற்றவர் அனைவரும் ஆண்கள். தாய்மாருக்கும் மகள்களுக்கும் அதில் எண் இல்லை. ஆனால் செபாஸ்டியன் தம் கையால் எழுதிய மூலம் தொலைந்துபோக, நமக்குக் கிடைத்துள்ள நகல்களில் முக்கியமான ஒன்று அவருடைய பேத்தி அன்னா கரோலினா பிலிப்பினாவின் கையெழுத்தில் உள்ளது! பட்டியலில் எண் பெறாத ஒரு பெண்ணின் கை அப்பட்டியலையே காப்பாற்றியது. அவளுடைய உடன்பிறந்தான் ஓர் ஓவியன். 1778-இல் ரோமாபுரியில் இறந்தான். அவன் பெயரும் யோகான் செபாஸ்டியன் பாக் தான்! பாட்டனார் 1750-இல் இறந்தவர் என்று அறிந்தோர் இருவரையும் ஒருவராக்கிக் குழம்பமாட்டார்கள்.

தோழியரே, நம் இல்லங்களிலும் பாட்டனார் பெயர் பேரனுக்கும், பாட்டியார் பெயர் பேத்திக்கும் வருவதுண்டு. ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயரோடு நாளும், பெற்றோர் பெயரும், ஞானப்பெற்றோர் பெயரும் எழுதப்படுவது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? இவ்விடுமுறையில் பாட்டியின் அருகில் அமர்ந்து ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவோம். பெயர், ஊர், ஆண்டு, தொழில், தந்தை, தாய் ஆகிய ஆறையும் எழுதுவோம். உறுதியாகத் தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெறுமையாக விடுவோம். முக்கியமாக, பெண்களின் பெயர்களை விட்டுவிடாமல் எழுதுவோம். அவரவர் வாழ்வை அவரவர்க்கே உரியதாக்குவதும் நீதியின் ஒரு பகுதியே!