நுன் மலையில் பனி உருக்கிய பொழுது

ஏழாயிரம் மீட்டர் மலைக்குப் போய்வந்தவனிடம் எல்லாரும் உச்சியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அங்கே நின்றது கால் மணி நேரம் இருக்கலாம். மிச்சப் பொழுதெல்லாம் பனியை உருக்குவதிலும், சாமான் சுமப்பதிலும், கூடாரத்துக்குள் சும்மா படுத்துக் கிடப்பதிலும் போயிற்று. போக நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதும் அந்த மிச்சப் பொழுதின் விவரங்கள்தான்.

நுன் 7,135 மீட்டர். லடாக்கில், கார்கிலிலிருந்து தெற்கே போகும் சுரு பள்ளத்தாக்கில், 7,077 மீட்டர் உயரமான குன் சிகரத்தோடு ஜோடியாக நிற்கிறது. 1953இல் இதன் உச்சியை முதலில் தொட்டவர்கள் இருவர்: பிரான்ஸைச் சேர்ந்த கிளோத் கோகான் என்ற பெண்மணியும், பியர் வித்தோ என்ற சுவிஸ் பாதிரியாரும். அன்றைய கருவிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்புத்தான்.

முதலில் பயிற்சி. உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி, பஹல்காம் மலையேற்றப் பயிற்சி நிலையங்களில் ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும் பேசிக் கோர்ஸை முடிக்காமல் இந்தப் பக்கம் வராதீர்கள். பூட்ஸுக்கடியில் கிராம்பான் என்ற முள்தகடு மாட்டி நடக்கவும், சறுக்கினால் ஐஸ் ஆக்ஸால் உடம்பை நிறுத்தவும் அங்கே தசைக்குப் பழக்கிவிடுவார்கள். பிறகு ஓர் ஆறாயிரம் மீட்டர் மலை. ஊரில் இருக்கும்போது மாடிப்படிதான் மலை. பையில் தண்ணீர் கேன்களை வைத்துச் சுமந்து ஏறுங்கள். மொட்டைமாடியில் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குங்கள். முட்டி தப்பிக்கும்.

பேஸ் கேம்ப் 4,600 மீட்டர் வாக்கில். அங்கிருந்து முதல் முகாமுக்குக் கயிறும் காஸ் டப்பாவும் கூடாரமும் சுமந்துபோய், வைத்துவிட்டு, ராத்திரி தூங்கக் கீழே வந்துவிடுவோம். இதற்கு லோட் ஃபெர்ரி என்று பெயர். புதிதாக வருபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும்: இவ்வளவு மூச்சிரைக்க ஏறிவிட்டு ஏன் இறங்க வேண்டும்? 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான்; அதற்கு உடம்பு பழக நேரம் வேண்டும். மூச்சு வேகமாவது சில நாட்களில் நடந்துவிடும். ரத்தத்தில் சிவப்பணு கூடுவதற்கு வாரக்கணக்காகும். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கொரு முறை ஓய்வு வேண்டும் என்பதெல்லாம் இதனால்தான். லீவு குறைவு என்று இந்த நாட்களில் கைவைப்பவர்கள் மலைக்குப் போகாமலிருப்பதே நல்லது.

மேல் முகாம்களில் தண்ணீர் ஒரு முழுநேர வேலை. பாத்திரம் நிறையப் பனியை அள்ளிப் போட்டால் உருகி ஒரு டம்ளர்கூடத் தேறாது. வெறும் பாத்திரத்தில் பனியைப் போட்டால் அடிப்பிடித்து, தண்ணீரில் கருகல் வாடை ஏறிவிடும். அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிறகு பனியைச் சேர்க்க வேண்டும். ஆளுக்கு நாலு லிட்டர் தேற்ற மணிக்கணக்காகும். 6,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் டீக்குச் சூடே ஏறாது, குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. கடைசியாக உருகிய வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்துத் தூங்கும் பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்வேன். ராத்திரிக்குக் கதகதப்பு, காலையில் உறையாத குடிநீர். நடக்கும்போது பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். உறைவது மேலிருந்துதான் தொடங்கும் என்பதால் மூடி அடைக்காது.

அதே தூங்கும் பைக்குள் பூட்ஸின் உள்ளுறை, டார்ச் பேட்டரி, சன்ஸ்கிரீன் டியூப், மறுநாள் கையுறை எல்லாம் வரவேண்டும். கிட்டத்தட்ட ஒரு மளிகைக்கடையைக் கட்டிக்கொண்டு தூங்குவது மாதிரி. ஒன்றுக்குப் போக அடையாளமிட்ட தனி பாட்டிலும் அவசியம். வெட்கப்பட்டு நடுராத்திரி கிராம்பான் இல்லாமல் வெளியே போய்ச் சறுக்கினால் அவ்வளவுதான்.

சாப்பாடு இறங்காது. சாக்லேட்டும் எனர்ஜி பாரும் கல்லாக இறுகிவிடுவதோடு, இரண்டாம் நாளே இனிப்பைப் பார்த்தால் குமட்டும். எனக்கு உதவியது நார்த்தங்காய் ஊறுகாயும், வெந்நீரில் உப்புப்போட்டுக் கரைத்த சத்துமாவும். உங்கள் நாக்கு எதைக் கேட்கிறதோ அதைக் கொண்டுபோங்கள். ஊட்டச்சத்து அட்டவணையை அப்புறம் பார்க்கலாம்.

வெயிலைக் குளிரைவிட மட்டமாக எடைபோடுகிறார்கள். பனியில் பட்டு வெளிச்சம் கீழிருந்தும் வருவதால் மூக்குத் துவாரத்துக்குள்ளும் தாடைக்கு அடியிலும் தோல் வெந்துபோகும். வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறவர்களுக்கு மேலண்ணமே புண்ணாகும். கறுப்புக் கண்ணாடி நான்காம் வகையாக, பக்கவாட்டு மறைப்போடு இருக்கட்டும். மேகம் மூடியிருந்தாலும் கழற்றாதீர்கள்.

விரலில் ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் மாட்டி மணிக்கொரு தரம் எண்ணை அறிவிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சில்லிட்ட விரலில் அது சொல்வதை நம்பவும் முடியாது. பக்கத்துக் கூடாரத்து ஆள் சாப்பிடுகிறாரா, கிண்டலுக்குச் சிரிக்கிறாரா, பூட்ஸ் கயிற்றைத் தானே கட்டுகிறாரா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே இரைத்து, வறட்டு இருமல் விடாமல் வந்தால் நுரையீரலில். இரண்டுக்கும் வைத்தியம் இறங்குவதுதான், அதுவும் அந்த ராத்திரியே. டயமாக்ஸ் மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழக உதவும். அதை விழுங்கிவிட்டு இன்னும் மேலே போகலாம் என்று நினைப்பது ஆபத்து.

உச்சிக்குக் கிளம்பும் ராத்திரி எல்லாம் சீக்கிரமே முடிவாகிவிடுகிறது. பனி இறுகியிருக்கும் நேரத்தில் நடக்க வேண்டுமென்று நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவோம். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கூடாரத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். மேலே போனபின் அந்தப் பேச்சை நடத்த மூளை ஒத்துழைக்காது. எங்கள் அணியில் ஒருவர் உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், கால் விரல்களில் உணர்வில்லை என்று திரும்பினார். முகாமில் அவர் காலுறையைக் கழற்றியபோது விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. கூடாரத்தில் இருந்த நண்பர் தன் சட்டையைத் தூக்கி, அந்தப் பாதங்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேய்க்கக்கூடாது, நெருப்பில் காட்டக்கூடாது. மறுபடி உறையும் வாய்ப்பிருந்தால் சூடேற்றவே கூடாது. விரல்கள் பிழைத்தன.

கடைசியாகப் பணம். முதல் முகாமுக்கு மேலிருக்கும் செங்குத்துச் சரிவில் நாம் ஜுமார் என்ற கயிறேறும் பிடியை மாட்டி ஏறும் கயிற்றை, நமக்கு முன்னால் கயிறில்லாமல் ஏறிப்போய்க் கட்டியவர்கள் ஷெர்பாக்களும் உயரமலைச் சுமைக்காரர்களும். முன்பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: அவர்களுக்குக் காப்பீடு எவ்வளவு, ஒருவர் எத்தனை கிலோ சுமப்பார், பூட்ஸும் கையுறையும் யார் செலவு, நோய்வந்தால் அவர்களை இறக்கிவர யார் பொறுப்பு. பதில் மழுப்பலாக வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.