கடலில் கிப்லாவும் இலத்திரனின் ஏற்றமும்

ஓர் இலத்திரன் ஒரே வேளையில் இரண்டு நிலைகளின் மேற்பொருந்துகையில் இருக்கலாம் என்கிறது குவாண்டம் பௌதிகவியல். அப்படியானால் ஏற்றம் பூச்சியமாக உள்ள நிலையும் ஏற்றம் ஒன்றாக உள்ள நிலையும் கலந்திருக்க முடியுமா? 1952இல் விக், வைட்மன், விக்னர் ஆகிய மூவரும் சில நிலைகள் இவ்வாறு கலக்கவே முடியாது என்று காட்டினார்கள். ஏற்றத்துக்கும் அத்தடை இருக்கலாம் என்றார்கள். இதுதான் மேற்தெரிவு விதி. பரீட்சைக்கு இது வராது. ஆனாலும் என்னை விடவில்லை.

ஏற்றக் காப்பு விதியும் இதுவும் ஒன்றென்றே முதலில் நினைத்தேன். அது பிழை. உந்தமும் காக்கப்படுகிறது, ஆனால் வெவ்வேறு உந்தங்கள் கலந்த நிலைக்குத் தடையில்லை. எனவே தடைக்குக் காரணம் வேறு. 1967இல் அஹரோனொவும் சஸ்கிண்டும் கேட்டது இதைத்தான்: இது இயற்கையின் சட்டமா, ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஒன்றும் இல்லாத குறையா?

கற்பிட்டிக் கடலில் இரவில் ஒருவர் தோணியில் தொழ நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகில் மூடியிருக்கிறது, திசையறி கருவியும் இல்லை. கிப்லா மேற்குக்குச் சற்று வடக்கே. அது எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் இன்னொரு தோணி விளக்கோடு நின்றால், அதற்கும் தன் தோணிக்கும் இடையே எத்தனை பாகை என்று சொல்லிவிடுவார்.

மீகடத்திகளில் இதுபோன்ற ஒன்று நடக்கிறது. 1962இல், 22 வயது மாணவரான பிரயன் ஜோசப்சன், மெல்லிய காவலியால் பிரிந்த இரு மீகடத்திகளிடையே அழுத்த வித்தியாசமின்றியே மின்னோட்டம் பாயும் என்று கணித்தார். அடுத்த ஆண்டே பரிசோதனையில் கண்டார்கள். அவ்வோட்டம் இரண்டின் அவத்தை வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது. அந்த வித்தியாசம் திட்டமாக இருக்க, ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள இலத்திரன் எண்ணிக்கை திட்டமில்லாமல் இருக்க வேண்டும். முடியாது என்ற கலவை அங்கே நடக்கிறது!

ஆனால் என் உவமை ஓரிடத்தில் உடைகிறது. தோணிக்காரருக்குத் தெரியாவிட்டாலும் கஃபா அதன் இடத்தில் இருக்கிறது. தனி மீகடத்தியின் அவத்தைக்கு அப்படியொன்று உண்டா?

உயர்தரத்தில் நாம் படிக்கும் கவுசின் தேற்றம் இல்லை என்ற பக்கம் இழுக்கிறது. உள்ளே எவ்வளவு ஏற்றம் என்பதை, எத்தனை தூரத்தில் மேற்பரப்பு வரைந்தாலும் அதனூடான மின்பாயம் காட்டிவிடும். மொத்த ஏற்றத்தை ஒளிக்க இடமில்லை. 1974இல் ஸ்ட்ரொக்கியும் வைட்மனும் இவ்வழியே ஏற்றத்தின் விதிக்கு நிறுவல் தந்தார்கள்.

ஆகவே மொத்த ஏற்றத்துக்கு இது சட்டம் என்றும், ஒரு பகுதிக்கு மட்டும் சொல்லும்போது துணைத் தோணி இல்லாத குறை என்றும் எனக்குப் படுகிறது. ஜோசப்சனின் ஓட்டம் இதற்கு முரணல்ல. அங்கேயும் மொத்தம் மாறவில்லை; இரு பக்கங்களின் பங்குதான் திட்டமில்லை.