நடிகரின் முன்னேற்பாடு

புதுதில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி 1959ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அங்குச் சேர விரும்புவோர் தேர்வாளர் முன் நடித்துக் காட்டுதல் வேண்டும். விண்ணப்பிப்போர் பலர், இடங்களோ சில. முதற்கட்டத் தேர்வில் ஒருவர் நடித்துக் காட்டக் கிடைப்பது சில நிமிடங்களே.

அச்சில நிமிடங்களுக்காகப் பல வாரங்கள் உழைத்தல் வேண்டும். வசனத்தை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. நாடகம் முழுவதையும் படித்து, பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார், எதை வேண்டிப் பேசுகிறார் என்பவற்றை அறிதல் வேண்டும். 'இதனையே சினமின்றிப் பேசுக' என்று தேர்வாளர் திடீரெனக் கூறக்கூடும். சொற்களை மட்டும் நினைவில் கொண்டவர் அப்போது தடுமாறுவார். பொருளை உணர்ந்தவர் மாற்றிப் பேசுவார்.

தேர்வுகள் அடுத்தடுத்து வரும் காலத்தில் குரலைக் காத்தல் இன்றியமையாதது. ஓயாது உரக்கப் பேசிப் பழகினால் தொண்டை கட்டிக்கொள்ளும். போதிய நீரும் உறக்கமும் குரலுக்கு நலம் தரும். ஒரு தேர்வில் இடம் கிடைக்காவிடினும் உழைப்பு வீணாவதில்லை. உணர்ந்து பழகிய வசனம் அடுத்த தேர்விலும் துணைநிற்கும்.

சொற்பொருள்: சினம் – கோபம், இன்றியமையாதது – மிகவும் தேவையானது.

வினா: தேர்வாளர் மாற்றிப் பேசச் சொன்னால் தடுமாறுபவர் யார்? ஏன்?