மறதி நோயும் மஞ்சளும்

வீட்டிற்கு வரும் வழியை முதியவர் மறந்தால், "வயதுக் கோளாறு, மஞ்சள் பாலே மருந்து" என முசரவாக்கம் போன்ற நம் ஊர்களில் கூறக் கேட்கிறோம். இதனைச் சற்று ஆராய்வோம்.

1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துக்காட்டிய மறதி நோயில், பால் திரிவது போல் மூளையில் புரதம் திரிந்து, கட்டி கட்டியாகப் படிகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் இதனைத் தடுப்பதைச் சோதனைக் குழாயில் கண்டுள்ளனர். ஆயினும் உண்ட குர்குமின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. 2012இல் வெளியான ஆய்வில் நோயாளிகளுக்குப் பயன் காணப்படவில்லை.

மஞ்சள் சமையலுக்கு நன்று, சிகிச்சைக்கு ஈடாகாது. தைராய்டுக் குறைவாலும் பி12 உயிர்ச்சத்துக் குறைவாலும் வரும் மறதியை உரிய காலத்தில் கண்டால் குணப்படுத்தலாம். ஆகவே, முதியோரைத் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக.